கரும்பலகை முன் நின்றால் மூச்சு அடைக்கிறது: தன்னைத் திட்டாமல் இருக்கப் பழகுவது எப்படி?

கெடிலக்கரை | ஜூலை 6, இரவு 10:20

வணக்கம். இதை எழுத மூன்று நாளாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், வயது 34. கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். பையன் பிறந்த பிறகு ஆறு வருடம் வீட்டில். இந்த ஜூனில்தான் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கச் சேர்ந்தேன்.

சேர்ந்த இரண்டாவது வாரம், மீதித் தேற்றம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் தாளாளர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். எக்ஸ் வருகிற இடத்தில் மைனஸ் இரண்டு போட வேண்டும். மைனஸ் இரண்டின் கனம் மைனஸ் எட்டு. நான் வெறும் எட்டு என்று எழுதி, அதை வைத்தே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து, "மிஸ், மைனஸ் எட்டு" என்றாள். கேலி எதுவும் இல்லை, குழந்தை சரியாகத்தான் சொன்னது. எனக்குக் காது அடைத்துவிட்டது. அழிக்கப் போனால் டஸ்டர் கையில் நிற்கவில்லை. அன்று மதியம் ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும், "பேசிக்ஸ் பார்த்துட்டு வாங்க மேடம்" என்றார் தாளாளர்.

அன்றிலிருந்து பள்ளி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நெஞ்சு இறுகிவிடுகிறது. அவர் ஒரு தடவைதான் சொன்னார். எனக்குள் இருக்கிற குரல் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிறது. "ஆறு வருஷம் அடுப்படியில கிடந்தவளுக்கு எதுக்குடி இந்த வேலை?" அதுவும் என் சொந்தக் குரலிலேயே.

யூடியூப் பார்த்து மூச்சுப் பயிற்சி ஆரம்பித்தேன். நன்றாக ஆழமாக இழுக்கச் சொன்னார்கள். பத்து தடவை இழுத்ததும் தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. மூச்சு விடக்கூடத் தெரியவில்லையே என்று அந்தக் குரல் அதற்கும் சேர்த்துத் திட்டுகிறது. யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள். தன்னம்பிக்கைப் பேச்சு வேண்டாம், அதெல்லாம் நிறையக் கேட்டுவிட்டேன். செய்வதற்கு ஏதாவது சொல்லுங்கள்.

நெல்லித்தோப்பு அக்கா | ஜூலை 6, இரவு 11:05

கெடிலக்கரை தங்கச்சிக்கு. முதலில் தலைச்சுற்றலைப் பார்ப்போம், மற்றது அப்புறம்.

புதுச்சேரியில் 31 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தலை சுற்றல், விரல் மரப்பு, சில பேருக்கு உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது போல இருப்பது, இதெல்லாம் பெரும்பாலும் தேவைக்கு மேல் மூச்சு வாங்குவதால் வருவது. வேகவேகமாக ஆழமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். அது குறைந்தால் மூளைக்குப் போகிற இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். பதற்றத்தில் இருப்பவரிடம் "நல்லா இழு, இன்னும் இழு" என்று சொல்லவே கூடாது. அவர் ஏற்கெனவே அதிகமாகத்தான் இழுத்துக்கொண்டிருப்பார். பயிற்சியை நிறுத்தின பிறகும் தலைச்சுற்றல் இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆகவே இழுப்பதை மறந்துவிடுங்கள். விடுவதைப் பாருங்கள். உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, மூக்கு வழியாகச் சாதாரணமாக நான்கு எண்ணும் வரை உள்ளே. அடக்க வேண்டாம். பிறகு ஆறு எண்ணும் வரை வெளியே, சூடான டீயை ஊதுவது போல மெதுவாக. ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. நாம் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை விடுகிறோம். எண்ணிக்கை பிடிக்காமல் மூச்சு முட்டினால் மூன்றும் நாலுமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

செய்யும்போது மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமெடுக்கும், விடும்போது தளரும். மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற வேகஸ் நரம்பு செய்கிற வேலை அது. நாடி தளர்வது விரலுக்கே தெரிந்தால் ஒரு பிடிமானம் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வார்டில் நோயாளிக்கு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணும்போது அவரிடம் சொல்ல மாட்டோம். நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதை ஓரக்கண்ணால் எண்ணுவோம். "உங்க மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னால் அந்த நொடியே மூச்சு மாறிவிடும். யாரோ பார்க்கிறார்கள் என்றாலே அது இயல்பாக இருக்காது. நீங்கள் உங்கள் மூச்சைப் பார்ப்பது கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது, தங்கச்சி. ஜுரத்தில் தூங்குகிற பையன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மூச்சைப் பார்ப்பீர்கள் இல்லையா, அப்படிப் பாருங்கள்.

கடலோடி | ஜூலை 7, காலை 5:50

தேவனாம்பட்டினம். கரைக்கு வந்ததும் படித்தேன்.

அக்கா சொன்னது எங்கள் தொழிலிலும் உண்டு. என்ஜின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் ஒருத்தர் கத்தியோடு தண்ணீரில் இறங்கி அறுத்துவிட வேண்டும். முதல் தடவை நான் இறங்கினபோது வயது பதினேழு. போட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாகக் காற்றை இழுத்து இழுத்து நிரப்பினேன். அப்பா தோளைப் பிடித்து நிறுத்தினார். "காத்தைத் திங்காதே. விடு. அடங்கினப்புறம் இறங்கு." அப்போது காரணம் தெரியாது. பிறகு ஒரு பயிற்சி முகாமில் சொன்னார்கள். அப்படி இழுத்து நிரப்பினால் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டுகிற உணர்வே வராமல் தண்ணீருக்குள் நினைவு தப்பிவிடுமாம்.

நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்தது. இறங்கி அறுத்தேன், முழுதும் முடியவில்லை. மேலே வந்தேன். திட்டு விழும் என்று நினைத்தேன், நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கேட்டது, "எவ்வளவு அறுத்தே? ரெண்டு சுத்தா? சரி, மிச்சத்துல ரெண்டு சுத்து கம்மி. கொஞ்சம் மூச்சை விட்டுட்டு இறங்கு."

திட்டியிருந்தாலும் இறங்கியிருப்பேன். பயத்தோடு இறங்கியிருப்பேன். கடலில் பயத்தோடு இறங்குகிறவனுக்குக் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். டீச்சர், உங்கள் உள்ளே இருக்கிற குரலிடம் இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மிச்சம்?

ஷிஃப்ட் பி | ஜூலை 7, மதியம் 12:30

எல்லோரும் நல்ல மனதோடு எழுதுகிறீர்கள். எனக்கு இரண்டு விஷயம் ஒப்பவில்லை, அதையும் பதிவு செய்கிறேன்.

ஒன்று, அந்தத் தாளாளர் எல்லோர் முன்னாலும் சொன்னது தவறு. டீச்சர் எத்தனை மூச்சு விட்டாலும் அது தவறுதான். தவறு செய்தவர் நிம்மதியாக இருக்க, பட்டவர் மட்டும் உட்கார்ந்து பயிற்சி செய்ய வேண்டுமா?

இரண்டு, தன்னைத் தானே கடிந்துகொள்ளாதவன் எப்படித் திருந்துவான்? நான் ரசாயன ஆலையில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு நொடி அசந்தால் இன்னொருவர் உடம்பில் போய் முடியும். என்னை நானே திட்டிக்கொண்டே இருப்பதால்தான் கவனமாக இருக்கிறேன் என்று நம்புகிறேன். "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே போனால் சோம்பல் வராதா?

பண்ருட்டி பஸ் | ஜூலை 7, மாலை 6:15

நானும் தினமும் படிக்கிறேன், எனக்கும் இதே பிரச்சினை. பஸ்ஸில் நின்றுகொண்டே செய்யலாமா அக்கா?

நெல்லித்தோப்பு அக்கா | ஜூலை 7, மாலை 6:40

தாராளமாக. கண்ணை மூட வேண்டாம், கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டும்போது மட்டும் கூடாது.

கெடிலக்கரை | ஜூலை 8, இரவு 9:50

எல்லோருக்கும் நன்றி. கடலோடி தம்பி, உங்கள் அப்பா சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அக்கா, இரண்டு நாளாக விடுவதை மட்டும் பார்க்கிறேன். தலை சுற்றவில்லை. நாடி தளர்வது நிஜமாகவே விரலில் தெரிகிறது. ஆனால் மூச்சு அடங்குகிறதே தவிர குரல் அடங்கவில்லை. அமைதியாக உட்கார்ந்தால் இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

ஷிஃப்ட் பி அண்ணா, நீங்கள் கேட்டதைத்தான் நானும் பயப்படுகிறேன். என்னிடம் கனிவாகப் பேச ஆரம்பித்தால் அடுத்த தடவையும் தப்பு செய்வேனோ?

வடலூர்ப் பாதை | ஜூலை 9, காலை 7:10

மகளே, எனக்கு வயது 67. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், வடலூர் தருமச்சாலையில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. பசி என்று வருகிறவரிடம் எந்த ஊர், என்ன சாதி, நேற்று என்ன செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. பசித்திருக்கிறார், அவ்வளவுதான் தகுதி.

இருபது வருடத்துக்கு முன் ஒரு தைப்பூசத்துக்கு அன்னதானத்தில் பரிமாறப் போனேன். விடியற்காலையில் வாளியைத் தூக்கியவன் மத்தியானம் இரண்டு மணி வரை ஒரு வாய் சாப்பிடவில்லை. அதை ஒரு புண்ணியமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அங்கே ஒரு பெரியவர் என் கையிலிருந்து சாம்பார் வாளியை வாங்கிக் கீழே வைத்தார். "பசிச்ச ஜீவனுக்குச் சோறு போடணும்னு வந்திருக்கே. நீ யாரு? உட்காரு இலையில" என்றார்.

அதுவரை ஜீவகாருண்யம் என்றால் அடுத்த ஜீவனுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். எறும்பு, மாடு, வாடின பயிர் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு, நான் மட்டும் கிடையாது. நான் பழகின சன்மார்க்கக் குடும்பங்களிலேயே பல பேருக்கு இந்தக் குறை உண்டு என்று அடித்துச் சொல்வேன். எல்லா உயிர்க்கும் இரங்குகிறவன் ராத்திரி படுக்கும்போது தன்னைத் தானே குத்திக் கிழிப்பான்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். உன் வகுப்பில் ஒரு பிள்ளை மைனஸை விட்டுவிட்டு எழுதினால் நீ என்ன சொல்வாய்? சொல்கிற வார்த்தையை அப்படியே எழுது. அதை மூச்சை விடும்போது உனக்குச் சொல்லிக்கொள். வார்த்தை உன்னுடையதாக இருக்கட்டும், என்னுடையது வேண்டாம்.

சொல்தேடி | ஜூலை 9, மாலை 4:00

புதுச்சேரியில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். நான்கு வருடத்துக்கு முன், தன்னிடமே பரிவோடு இருப்பது (ஆங்கிலத்தில் செல்ஃப் கம்பாஷன்) பற்றிய ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கியபோது முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். நம்மிடம் தன்னிரக்கம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது கேட்டதும் நினைவுக்கு வருவது, என்னைப் போல் கஷ்டப்பட்டவர் யாரும் இல்லை என்று மூலையில் உட்கார்ந்து அழுவது. இங்கே பேசப்படுவது அதற்கு நேர் எதிர். சுயபச்சாதாபம், தற்பரிவு, தன்மேல் கனிவு என்று பலவற்றை எழுதி அடித்தேன். இப்போது பெரியவர் எழுதியதைப் படித்ததும், வள்ளலாரின் தயவு என்ற சொல் நம் பக்கத்திலேயே கிடக்க நான் எங்கெங்கோ தேடினேனே என்று தோன்றுகிறது. அதைத் தன் பக்கமும் கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும்.

உளவியலில் இதை 2003-ல் ஓர் அளவுகோலாக அமைத்தவர் கிறிஸ்டின் நெஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர். மூன்று விஷயம் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார். நோகிறது என்பதை மிகைப்படுத்தாமல், மறைக்காமல் உள்ளபடி பார்ப்பது. இது மனிதர் எல்லோருக்கும் நேர்வதுதான் என்று உணர்வது. பிறகு தன்னிடம் கனிவாக நடந்துகொள்வது. இரண்டாவதுதான் தன்னிரக்கத்திலிருந்து இதைப் பிரிக்கிற இடம். "எனக்கு மட்டும் ஏன்" என்கிற எண்ணம் அங்கே கரைகிறது. மைனஸை விடாத கணக்கு டீச்சர் உலகத்தில் யாராவது உண்டா?

மூச்சு முதலாவதற்கு உதவுகிறது. அந்தக் குரல் கேட்கிறது என்பதையே கவனிக்க ஒரு நொடி இடைவெளி வேண்டும் இல்லையா, அதை நீண்ட வெளிமூச்சு தருகிறது. குரலை அடக்குவது மூச்சின் வேலையே கிடையாது. அமைதியாக உட்கார்ந்தால் தெளிவாகக் கேட்கிறது என்றீர்களே, அதை நான் முன்னேற்றம் என்றே எடுத்துக்கொள்வேன். முன்பு அது உங்களுக்கு உண்மையாகத் தெரிந்தது, இப்போது ஒரு குரலாகக் கேட்கிறது.

ஷிஃப்ட் பி அண்ணனின் இரண்டாவது கேள்விக்கு. 2012-ல் ஜூலியானா பிரெய்ன்ஸ், செரினா சென் என்ற இருவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நடத்திய சோதனைகளை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குக் கடினமான ஒரு சொல் தேர்வு வைத்தார்கள். ஒரு குழுவிடம், இது பலருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும், உங்களை நொந்துகொள்ளாதீர்கள் என்ற பொருளில் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம், இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததே நீங்கள் புத்திசாலி என்பதற்குச் சாட்சி என்று தட்டிக்கொடுத்தார்கள். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் உட்கார்ந்து படித்தது முதல் குழு. சோம்பல் வரவில்லை. புகழ்ச்சியை விட அது நன்றாக வேலை செய்தது. டீச்சர் தன்னம்பிக்கைப் பேச்சு வேண்டாம் என்று முதலிலேயே சொன்னது சரியான உள்ளுணர்வு.

லாஸ்பேட்டை நிலா | ஜூலை 10, இரவு 11:30

இதுவரை எங்கும் எழுதியதில்லை. மூச்சைக் கவனி என்று சொன்னாலே எனக்குப் பயம் அதிகமாகிறது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்ததே, 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்போது நாங்கள் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். கரண்ட் இல்லை. இருட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. பாட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். அப்போது கேட்டது என் மூச்சுச் சத்தம் மட்டும்தான். இன்றைக்கும் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் அந்தப் படிக்கட்டுக்குப் போய்விடுகிறேன்.

ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். மூச்சை விட்டுவிடச் சொன்னார். கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு உள்ளங்கால் தரையில் படுவதை மட்டும் கவனிக்கச் சொன்னார். தரை காய்ந்திருக்கிறது, சில்லென்றிருக்கிறது, என் எடையைத் தாங்குகிறது. அது எனக்குப் பொருந்தியது. கடற்கரைச் சாலையில் அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நடப்பதும் உதவியது. எல்லோருக்கும் மூச்சுதான் வழி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம் என்பதற்காக எழுதினேன். மூச்சு வரவில்லை என்று என்னையே குற்றம் சொல்லிக்கொண்டு ஆறு மாதம் வீணாய்ப் போனது.

நெல்லித்தோப்பு அக்கா | ஜூலை 11, காலை 6:30

நிலா கண்ணு, நீ எழுதினது இந்த இழையில் இருக்க வேண்டிய விஷயம். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். பெரிய அதிர்ச்சியைப் பார்த்தவர்கள், அடிக்கடி பீதி வருகிறவர்கள் கண்ணை மூடி உள்ளே பார்ப்பது சில நேரம் கெடுதல் செய்யும். கால், கையில் பிடித்த டம்ளர், ஃபேன் சத்தம், எது தாங்குகிறதோ அது போதும். கர்ப்பிணிகளும், இரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் மூச்சை அடக்கிப் பிடிக்கிற கும்பகம் மாதிரியான பயிற்சிகளைத் தாங்களாகச் செய்யக் கூடாது. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் பயிற்சியோடு நிற்காதீர்கள். 14416 என்ற எண் டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

ஷிஃப்ட் பி தம்பிக்கு ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ராத்திரி ட்யூட்டியில் ஒருவருக்கு ஓட வேண்டிய வேகத்துக்கு இரண்டு மடங்கில் டிரிப்ஸ் ஓடவிட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஆகியிருக்கலாம். நேராக வார்டு சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் நோயாளியைப் பார்த்தார், டாக்டரைக் கூப்பிட்டார், எழுத வேண்டியதை எழுதினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உடனே வந்து சொன்னே பாரு, அதை விட்டுடாதே" என்றார். இன்னொரு வார்டில் ஒருவர் இருந்தார், சின்னத் தப்புக்கும் கத்துவார். அங்கே எல்லோரும் நூறு சதவீதம் சரியாக வேலை செய்வதாக ரெக்கார்டு சொல்லும். தப்பு நடக்காமல் இல்லை, யாரும் சொல்லவில்லை. உள்ளே இருக்கிற குரலும் அப்படித்தான், தம்பி. அது கத்தக் கத்த நாம் நம்மிடமே மறைக்க ஆரம்பிப்போம்.

உங்கள் முதல் கேள்வி நியாயமானது. அந்தத் தாளாளரிடம் தனியாகப் பேச வேண்டும் என்பதே என் எண்ணமும். மூச்சு அதற்கு மாற்று ஆகாது. பேசப் போகும்போது குரல் உடையாமல் இருக்க உதவும்.

கெடிலக்கரை | ஆகஸ்ட் 17, மாலை 5:30

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மாதாந்திரத் தேர்வு, விடைத்தாள், பையனுக்கு ஜுரம் என்று நாள் ஓடிவிட்டது.

பெரியவர் கொடுத்த வேலையைச் செய்தேன். பிள்ளை மைனஸை விட்டால் நான் சொல்வது, "எல்லாம் சரி, குறியை மட்டும் பாரு." வேறொன்றும் சொல்வதில்லை. எழுதி முடித்துப் பார்த்தபோது அழுகை வந்தது. நான்கு வருடமும் இப்போதும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் சொன்ன ஒரு வரியை எனக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

காலையில் பையன் எழுந்திருப்பதற்கு முன் பின்கட்டுப் படியில் ஐந்து நிமிடம் உட்கார்கிறேன். விடும்போது, குறியை மட்டும் பாரு. முதல் பத்து நாள் பொய்யாகத் தோன்றியது. அந்தக் குரலும் கூடவே ஓடியது. விரட்டவில்லை, ஓடட்டும் என்று விட்டேன். ஐந்து நாள் தவறிப்போனது. தவறியதற்கும் அதே வரியைத்தான் சொல்லிக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை காரணிப்படுத்துதல் கணக்கு. ஒரு மைனஸ் ஆறைப் பிரிக்கும்போது குறியை மாற்றிப் போட்டுவிட்டேன். அதே பெண். "மிஸ், குறி." காது அடைக்க ஆரம்பித்தது, நெஞ்சு இறுகியது, எல்லாம் வந்தது. இடது கையைப் பலகையின் சட்டத்தில் வைத்தேன், மரம் கையில் பட்டது. ஒரு மூச்சை மெதுவாக விட்டேன். மூன்று நான்கு விநாடி இருக்கும், வகுப்புக்குத் தெரிந்திருக்காது. பிறகு சாக்பீஸால் தப்பான குறியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "நல்லாக் கவனிச்சே. இந்த இடத்துலதான் எல்லாருக்கும் வழுக்கும், எனக்கும் வழுக்கிச்சு. எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பார்ப்போமா? பெருக்கிப் பாருங்க" என்றேன். பெருக்கிப் பார்த்தார்கள். அழிக்காமல் பக்கத்திலேயே சரியானதை எழுதினேன். கை நடுங்கியது, எழுத்து கோணலாகத்தான் வந்தது. ஆனால் எழுதினேன்.

மணி அடித்த பிறகு ஒரு பையன் நோட்டைக் கொண்டு வந்தான். இதுவரை வகுப்பில் வாய் திறக்காதவன். "மிஸ், எனக்கும் இங்கதான் தப்பாகுது" என்று காட்டினான்.

தாளாளரிடமும் பேசினேன். தனி அறையில். "குறை இருந்தா சொல்லுங்க சார், தனியாச் சொல்லுங்க" என்றேன். பேசுவதற்கு முன் வராந்தாவில் நின்று எட்டு மூச்சு. அவர் சரி என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை வகுப்புக்கு வந்தார், ஸ்டாஃப் ரூமில் எதுவும் சொல்லவில்லை. இனிமேல் எப்படியோ தெரியாது. நான் கேட்டுவிட்டேன்.

கடலோடி | ஆகஸ்ட் 17, இரவு 7:00

அழிக்காமல் பக்கத்தில் எழுதினீர்களே டீச்சர், அது எனக்குப் பிடித்தது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு மேல வந்துருச்சு" என்றார்.

ஷிஃப்ட் பி | ஆகஸ்ட் 18, காலை 10:15

போன மாதம் கேட்ட கேள்வியில் ஒரு பாதியை நான் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு வால்வை முழுதாக மூடினேனா என்று இரண்டாம் தடவை பார்க்காமல் போனேன். என்னோடு வேலை செய்த ஒருவருக்கு முன்கையில் வெந்துவிட்டது. அவர் தேறி வேலைக்கும் வந்துவிட்டார், என்னோடு பேசவும் செய்கிறார். நான்தான் இன்னும் அங்கேயே நிற்கிறேன். ஒவ்வொரு ஷிஃப்டிலும் அந்த வால்வைக் கடக்கும்போது என்னைத் திட்டுவேன். திட்டுவதை நிறுத்தினால் மறுபடி நடந்துவிடும் என்ற பயம்.

அக்கா எழுதிய டிரிப்ஸ் விஷயத்தைப் பல தடவை படித்துவிட்டேன். எங்கே செய்வது என்று மட்டும் சொல்லுங்கள். உள்ளே முகமூடி போட்டிருப்போம்.

நெல்லித்தோப்பு அக்கா | ஆகஸ்ட் 18, காலை 11:00

தம்பி, ஆலைக்குள் வேண்டவே வேண்டாம். முகமூடி போட்டுக்கொண்டு மூச்சை எண்ணாதீர்கள். அங்கே கவனம் முழுக்க வேலையில் இருக்கட்டும். வால்வைத் திட்டாமல் இரண்டு தடவை பாருங்கள், கையால் தொட்டுப் பாருங்கள். செக்லிஸ்டில் குறிக்கிற வழக்கம் இருந்தால் குறியுங்கள். உங்களைக் கவனமாக வைத்திருப்பது அந்த இரண்டாவது பார்வை. திட்டு கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஷிஃப்ட் முடிந்து, குளித்து, கேட்டை விட்டு வெளியே வந்த பிறகு வண்டியை எடுப்பதற்கு முன் செய்யுங்கள். சீட்டில் உட்கார்ந்து காலைத் தரையில் ஊன்றுங்கள், ஹெல்மெட்டை மடியில் வையுங்கள். பத்து மூச்சு, விடுவது நீளமாக. அந்த நண்பருக்குப் பதிலாக உங்கள் கையில் வெந்து, அவர் மூன்று வருடமாகத் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தால் அவரிடம் என்ன சொல்வீர்களோ, அதைச் சொல்லிப் பாருங்கள். வார்த்தை வரவில்லை என்றால் சும்மா மூச்சை மட்டும் விடுங்கள். முதல் நாளே வர வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

ஷிஃப்ட் பி | ஆகஸ்ட் 18, மதியம் 1:05

சரி அக்கா. இன்றைக்குப் பி ஷிஃப்ட்தான், பத்து மணிக்கு முடியும். வெளியே வந்ததும் கேட்டுக்குப் பக்கத்தில் புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்திச் செய்து பார்க்கிறேன். ராத்திரி வந்து எழுதுகிறேன்.